சாக்கு மறைவில் இரண்டு கிராபிக்ஸ் கார்டுகள்

கிராபிக்ஸ் கார்டும் ஏலக்காயும் ஒரே சல்லடையில் சலிக்க வேண்டிய சரக்கு என்று நான் வெகுகாலம் நம்பியிருந்தேன். பருமனாக இருந்தால் உசத்தி, சின்னதாக இருந்தால் மட்டம். இந்த ஒரே ஞானத்தை வைத்துக்கொண்டு வண்டன்மேட்டில் கம்ப்யூட்டர் கடை போட்டு, ஊருக்கெல்லாம் மிஷின் சேர்த்துக் கொடுத்து, "அண்ணன் சொன்னா சரியா இருக்கும்" என்று பெயரும் வாங்கியிருந்தேன். பெயர் வாங்குவது எவ்வளவு சுலபம் என்று உங்களுக்கும் சீக்கிரம் தெரிந்துவிடும்.

எனக்குச் சொந்த ஊர் எருத்தேன்பதி. தென்னையும் நிலக்கடலையும் பார்த்து வளர்ந்தவன். கல்யாணம் என்னை மலைக்கு ஏற்றியது. ஏறியதும் முதலில் கற்றுக்கொண்டது எட்டு மில்லி போல்ட். காயைச் சலிக்கும்போது எட்டு மில்லி சல்லடையில் தங்குவது போல்ட், அதற்கு விலை தனி. கீழே விழுவதற்கு விலையும் கீழே. இதை இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆகவே கடைக்கு வந்தவர், "இந்தக் கார்டு எப்படி?" என்று கேட்டால் நான் சிப், வாட், கோர் என்று தொண்டை வறளப் பேசமாட்டேன். பெட்டியைத் தூக்கி மேசைமேல் வைப்பேன். மூன்று விசிறி. பெட்டியின் மேல் பதினாறு ஜிபி என்று கொட்டை எழுத்து. "எட்டு மில்லி போல்ட்" என்பேன். வியாபாரம் முடிந்தது.

வியாபாரப் பொய்யில் ஓர் ஆபத்து இருக்கிறது. கேட்பவர் நம்பாமல் போனாலும் போவார், சொல்கிறவன் நம்பிவிடுவான். நான் நம்பிவிட்டேன்.

இப்போது கடையை மைத்துனனிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். முதுகு வலி என்று வெளியே சொல்லியிருக்கிறேன். புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் நீங்கள் ஆளுக்கு ஆள் போன் செய்து, "அண்ணே, 4K-க்கு எந்தக் கார்டு?" என்று கேட்கிறீர்கள். ஸ்க்ரூ முடுக்க, பேஸ்ட் தடவ, வயர் செருக வீடியோ இருக்கிறது. அதை நான் எழுதப்போவதில்லை. கை நடுங்கும்போது எப்படி முடிவெடுப்பது என்று வேண்டுமானால் சொல்கிறேன். முடிவெடுப்பதில் எனக்கு அனுபவம் சுமார்தான். நடுங்குவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

பாண்டீஸ்வரி என்று ஒருத்தி. ரிசார்ட் ஒன்றில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தவள். முப்பது வயதைத் தாண்டியவள், இரவு வீட்டுக்கு வந்தால் கம்ப்யூட்டரில் லாரி ஓட்டுகிறவள். அவள் கண்ணில் பட்ட ஒரு விஷயம் எங்கள் யார் கண்ணிலும் படவில்லை. காய் பறிக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு தினமும் காலையில் தேனிப் பக்கமிருந்து ஜீப்புகள் மலையேறி வரும் அல்லவா? பெண்கள் தோட்டத்துக்குள் போய்விடுவார்கள். டிரைவர்கள் சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நேரமெல்லாம் ஜீப்புக்குள் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு கைப்பேசியில் வண்டி ஓட்டுவார்கள். காலையில் ஓட்டிய வளைவுகள் போதாதென்று.

"அண்ணே, இவங்களுக்குப் பெரிய திரையும் ஸ்டீயரிங்கும் வச்சா வருவாங்களா மாட்டாங்களா?" என்று கேட்டாள்.

"வருவாங்க."

"அப்ப மிஷின் போடுங்க. நான் வேலைய விட்டுட்டேன்."

கேட்டுவிட்டு விடுகிற ரகம் இல்லை, விட்டுவிட்டுக் கேட்கிற ரகம்.

இடம் மலையாளம் கலந்து பேசுகிற ஏலத்தோட்டக்காரர் பேபிச்சன் முதலாளியுடையது. ரோட்டைப் பார்த்த அறை, கண்ணாடிக் கதவு. தருகிறேன் என்று வாயால் சொல்லியிருந்தார். கூடவே ஒரு நிபந்தனை. தாமே ஒரு பெரிய 4K டிவி வாங்கி அந்த அறைச் சுவரில் மாட்டிவிட்டார். அதில்தான் விளையாட்டு ஓட வேண்டும், ரோட்டில் போகிறவன் நின்று பார்க்க வேண்டும், படம் வெண்ணெய் போல வழுக்க வேண்டும்.

"சனியாழ்ச்ச நான் வந்து பார்க்கும். படம் தடுக்கினா ரூம் ஸ்பைஸ் கடைக்காரனுக்கு. அவன் டெய்லி வந்து நிக்கறான்" என்றார்.

டூரிஸ்டுகளுக்கு மசாலா விற்கும் ஒருவர் அந்த அறையைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது உண்மை. ஆக, அந்த அறை பாண்டீஸ்வரிக்குக் கிடைப்பதும் கிடைக்காததும் நான் மாட்டப்போகும் கார்டின் கையில். அவள் வேலையை விட்டாயிற்று. நான் நெஞ்சை நிமிர்த்தி, முதலாளி முன்னாலேயே, "எட்டு மில்லி போல்ட் போட்டுர்றேனுங்க" என்றேன். பதினாறு ஜிபி, மூன்று விசிறி. மிஷினின் பக்கத்துத் தகட்டைக் கழற்றினால்தான் உள்ளே நுழைந்தது. அதையும் பெருமையாகவே சொன்னேன்.

சோதனை ஓட்டத்துக்கு ராசு என்ற டிரைவரைக் கூட்டி வந்தாள். போடிமெட்டு ரோட்டைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன் என்று பேசுகிறவர்; அவர் ஜீப்பில் போனவர்கள் அது பேச்சு மட்டும் இல்லை என்பார்கள். ஸ்டீயரிங்கைப் பிடித்தார். திரையில் மலைப்பாதை, பனி, எதிரே ஒரு பஸ். படம் பார்க்க அத்தனை அழகு. லாரி முதல் வளைவுக்கு வந்தது, விக்கியது. இரண்டாவது வளைவில் நின்று யோசித்துவிட்டுத் திரும்பியது.

"அண்ணே, நான் ஒடிச்ச பெறகு அதுக்குத் தோணுனாத்தேன் திரும்புது" என்றார் ராசு. "கிளட்ச் போன வண்டியா?"

இங்கே என் பராக்கிரமம் ஆரம்பம். முதலில் கரண்டைக் குறை சொன்னேன். மலையில் வோல்டேஜ் ஏறி இறங்கும் என்று ஸ்டெபிலைசரைக் கொண்டுவந்து வைத்தேன். விக்கல் நிற்கவில்லை. பனியைக் குறை சொல்லி ஜன்னலைச் சாத்தினேன். சூட்டைக் குறை சொல்லி அதே ஜன்னலைத் திறந்தேன். வயரை மாற்றினேன். டிவியைத் தட்டினேன். கடைசியில் ராசுவிடம், "நீங்க கொஞ்சம் மெதுவா ஓட்டிப் பாருங்க" என்றேன்.

"நான் மெதுவா ஓட்டுறதுக்கு ஒங்களுக்கு எதுக்குண்ணே கம்ப்யூட்டரு?" என்றார்.

என் பயத்துக்கு ஒரு மீட்டர் உண்டு. எருத்தேன்பதிக்காரன் என்பதால் எனக்கு 'ங்க' இயல்பு. பயம் ஏற ஏற அது பெருகும். "அதுங்க, வந்துங்க, சரியாயிடுங்க, பண்ணீரலாமுங்க" என்று நான் சொன்னதைக் கேட்டு பாண்டீஸ்வரி, "அண்ணே, எனக்கே ஏன் இவ்வளவு மரியாத? மிஷின் செத்துப்போச்சா?" என்றாள்.

போடியில் ஒரு சர்வீஸ்காரர் இருந்தார். தொழிலில் எனக்கு மூத்தவர், கோபக்காரர். வெளியே போய் அவரைக் கூப்பிட்டேன்.

"திரை என்ன?"

"4K-ங்க."

"கார்ட என்னத்தப் பாத்து எடுத்த?"

"மெமரிங்க. பதினாறுங்க."

"ஸ்டோரு எம்புட்டுப் பெருசுன்னு பாத்திருக்க. காயெடுக்க எத்தன ஆளுன்னு பாத்தியா?" என்றார். போனை வைத்துவிட்டார்.

தொழிலில் எனக்குக் கிடைத்த உபதேசம் மொத்தமும் அவ்வளவுதான். ஆனால் அது போதும், தம்பிகளே, தங்கச்சிகளே. கார்டின் மெமரி என்பது காயை உலர்த்தி அடுக்கும் ஸ்டோர். சிப் என்பது காயெடுக்கும் ஆட்கள். சாதாரண ஃபுல் எச்டி திரையைப் போல நான்கு மடங்கு புள்ளிகள் 4K-யில் இருக்கின்றன. ஒவ்வொரு படத்துக்கும் அத்தனை புள்ளியையும் நிரப்ப வேண்டியது சிப். நான் வாங்கியது ஸ்டோரைப் பெரிதாகக் கட்டிவிட்டு ஆளைக் குறைத்த தோட்டம். இப்படியும் கார்டுகள் சந்தையில் வரும், பெட்டிமேல் பெரிய எண்ணோடு வரும், என்னைப் போன்றவர்களை நம்பியே வரும். அதற்காக ஸ்டோர் வேண்டாம் என்று மறுபக்கம் சாய்ந்துவிடாதீர்கள். ஆள் நிறைய இருந்து ஸ்டோர் பத்தாவிட்டால் சாக்கெல்லாம் ரோட்டில் கிடக்கும். அப்போதும் படம் விக்கும். என்ன திரை, என்ன விளையாட்டு, அதற்கு ஸ்டோர் எவ்வளவு போதும் என்று முதலில் பாருங்கள். போதும் என்ற இடத்தைத் தாண்டியதும் ஆளைப் பாருங்கள்.

இன்னொன்று. நொடிக்கு எத்தனை படம் என்று திரையின் மூலையில் ஓடும் எண்ணைக் கண்டு மயங்காதீர்கள். அந்த எண் சராசரி. போடியிலிருந்து மலையேற சராசரி வேகம் நன்றாகத்தான் இருந்தது என்று ஒருவன் சொல்லலாம். ஒரே ஒரு வளைவில் பிரேக் பிடிக்கவில்லை என்றால் அந்தச் சராசரியை அவன் பள்ளத்தில் இருந்துகொண்டுதான் சொல்ல வேண்டும். விளையாட்டுக்காரருக்கு வேண்டியது படங்கள் சீரான இடைவெளியில் வருவது.

மறுநாள் மலையிறங்கிப் போடிக்குப் போய் வேறு கார்டு எடுத்து வந்தேன். பன்னிரண்டு ஜிபி, இரண்டே விசிறி, பலமான சிப். கையில் பிடித்தால் சோப்பு டப்பா போல இருந்தது. மாட்டினேன். படத்தைக் கொஞ்சம் சின்னதாக வரைந்து திரைக்குத் தக்கபடி பெரிதாக்கும் வசதியையும் போட்டுவிட்டேன். அதைப் போடுவது ஏமாற்று என்று சில வீரர்கள் உங்களிடம் சொல்வார்கள். சொல்லிவிட்டு வீட்டில் போட்டுக்கொள்வார்கள். லாரி வளைவில் வழுக்கிக்கொண்டு போனது.

நான் விசிலடித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் முதலாளி சும்மா எட்டிப் பார்க்க வந்தார். திறந்திருந்த மிஷினுக்குள் குனிந்தார்.

"எடோ, இது சின்னதல்லே?"

"இல்லீங்க முதலாளி, அதுங்க..."

"மத்தது எவிடே? பதினாறு போட்டது?"

"அது கடையிலீங்க. இது பன்னெண்டுங்க. ஆனா இதுதானுங்க..."

"நீதானே சொன்னது, பெருசுதான் போல்டுன்னு. இப்ப போல்ட எடுத்துட்டு பொடிய வெச்சு என்ன பறயுன்னது? எங்கிட்ட நல்ல சாம்பிள் காட்டிட்டு சாக்குல வேற நிறைக்கற பணி வேண்டா."

என் வார்த்தை என்னிடமே திரும்பி வந்தது. அதைவிட நியாயமான குற்றச்சாட்டை என்மேல் யாரும் சுமத்தியதில்லை. தவறான குற்றச்சாட்டு, ஆனால் நியாயமானது. அந்த நிமிடத்தில் நான் என்ன நினைத்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்: பேசாமல் பெரிய கார்டையே திரும்ப மாட்டிவிடலாம், முதலாளி சந்தோஷப்படுவார், விக்கினால் கரண்டைச் சொல்லிக்கொள்ளலாம். கை ஸ்க்ரூ டிரைவரைத் தேடவே ஆரம்பித்துவிட்டது.

பாண்டீஸ்வரி என் கையைப் பார்த்துவிட்டாள். "அண்ணே, அத எடுத்தீங்க, நானே ஒங்கள வெளிய தள்ளிருவேன்" என்றாள். பிறகு முதலாளி பக்கம் திரும்பினாள்.

"முதலாளி, ஏலத்துல சாம்பிள எப்பிடிப் பாப்பீங்க? பேரு பாத்தா?"

"லாட் நம்பர். பேரு எவிடே இருக்கு அதுல? காயக் கையில இட்டுப் பார்த்தா எனக்கு அறியும்."

"அப்ப இதையும் அப்பிடியே பாருங்க. ரெண்டு மிஷினு. லாட்டு ஒண்ணு, லாட்டு ரெண்டு. எது எதுன்னு சொல்ல மாட்டோம். சனிக்கிழம நீங்க ஒக்காந்து ஓட்டுங்க. டிரைவருங்களும் ஓட்டட்டும். நீங்க எத நல்லதுன்னு சொல்றீங்களோ அது இருக்கட்டும்."

காய் மதிப்பிடுவதில் தம்மை மிஞ்ச ஆளில்லை என்று நினைப்பவர் அவர். மறுக்க முடியவில்லை. "மதி" என்றார். போதும் என்று அர்த்தம். சம்மதம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

எனக்கு உயிர் போயிற்று. கணினிக் கடை வைத்தவன் கார்டை லாட் நம்பர் போட்டு ஏலம் விடுவதா? ஒருவேளை முதலாளி கைக்குப் பெரியதே பிடித்துவிட்டால்? ராசுவுக்கு அன்றைக்கென்று தலைவலி வந்தால்? ஆனால் யோசித்துப் பார்த்தால், எங்கள் தொழிலில் அதைவிட நேர்மையான ஒரு வழியை நான் அதுவரை பார்த்ததில்லை. கார்டை வாங்குகிறவர்கள் பெட்டியைப் பார்க்கிறார்கள், எண்ணைப் பார்க்கிறார்கள், விசிறியை எண்ணுகிறார்கள். உட்கார்ந்து ஓட்டிப் பார்த்து வாங்குகிறவர் யார்?

என் கடை மேசையில் இருந்த மிஷினுக்கும் அவளுடையதுக்கும் ஒரே பிராசஸர். பெரிய கார்டை என்னுடையதில் மாட்டி அறைக்குத் தூக்கி வந்தேன். சாக்கைச் சுற்றிக் கட்டினால் கார்டு அவிந்துவிடும் என்பதால் கயிறு கட்டி முன்னால் திரைபோலத் தொங்கவிட்டோம். ஒரே விளையாட்டு, ஒரே லாரி, ஒரே மலைப்பாதை, ஒரே அமைப்பு. மூலை எண்ணை அணைத்தோம். எல்லாம் முடிந்ததும் பாண்டீஸ்வரி என்னை வெளியே போகச் சொன்னாள்.

"ஏம்மா?"

"நான் வயர மாத்திச் சொருகப் போறேன். ஒங்களுக்குத் தெரிஞ்சா ஒங்க மூஞ்சி காட்டிக் குடுத்துரும்."

ஆக, அந்த அறையில் எது எதென்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ரிசார்ட்டில் தண்ணீர் வராத அறைகளுக்குச் சிரித்த முகத்தோடு சாவி கொடுத்துப் பழகியவள்.

சனிக்கிழமை முதலாளி வந்தார். ராசுவும் இன்னும் நாலைந்து டிரைவர்களும் சுவரோரம் நின்றார்கள். முதலில் என்னை ஓட்டச் சொன்னார், ஏதாவது தந்திரம் இருந்தால் தெரியட்டும் என்று. ஓட்டினேன். கை நடுக்கத்தில் லாட் ஒன்றிலும் லாரி பள்ளத்தில் விழுந்தது, லாட் இரண்டிலும் விழுந்தது. "அண்ணன் ரெண்டுலயும் நேர்மையா விழுறாரு" என்றார் ராசு. என் கருத்தைப் பிறகு யாரும் கேட்கவில்லை.

முதலாளி உட்கார்ந்தார். தம் தோட்டத்துச் சேற்றில் தாமே ஜீப் ஓட்டுகிறவர், பிடியிலேயே தெரிந்தது. லாட் ஒன்று. மூன்றாவது வளைவில் லாரி தயங்கியதும் அவர் கால் தானாகத் தரையில் கிளட்சைத் தேடியது. பாண்டீஸ்வரி சாக்குக்குப் பின்னால் ஸ்டீயரிங் வயரை மாற்றிச் செருகி, ரிமோட்டை அமுக்கினாள். லாட் இரண்டு. வளைவு, வளைவு, எதிரே பஸ், ஒதுங்கினார், மறுபடி வளைவு. திரையில் மழை பிடித்தது. அவர் எழுந்திருக்கிற மாதிரி தெரியவில்லை.

"முதலாளி, எங்களுக்கும் கொஞ்சம் விடுங்க" என்றார் ராசு.

டிரைவர்கள் ஒவ்வொருவராக ஓட்டினார்கள். "ஒண்ணு செகண்ட் கியருலயே நிக்கிது" என்றார் ஒருவர். எல்லாரும் இரண்டு என்றார்கள். முதலாளியும் இரண்டு என்றார், தாமே கண்டுபிடித்தது போல. பாண்டீஸ்வரி சாக்கை விலக்கினாள். சோப்பு டப்பா.

முதலாளி குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார்.

"கொள்ளாம்" என்றார். "சாதனம் நல்ல சாதனம்."

"அப்ப ரூமு, முதலாளி?" என்று கேட்டாள் பாண்டீஸ்வரி.

அவர் திரும்பவும் சேரில் உட்கார்ந்து, கண்ணாடிக் கதவு வழியாக ரோட்டைப் பார்த்தார். "ரூமோ. அது வியாழாழ்ச்ச ஸ்பைஸ் கடைக்காரன் அட்வான்ஸ் தந்து போயி."

பாண்டீஸ்வரி ரிமோட்டைக் கீழே வைத்தாள்.

"அப்ப இன்னைக்கு எதுக்கு வந்தீங்க?" அவள் குரல் உயரவில்லை.

"டிவி வாங்கியதல்லே. படம் எப்படி வரும்னு பாக்கணுமல்லோ."

எனக்கு அப்போது ஒன்று நடந்தது. பயம் போய்விட்டது. பயப்படுவதற்கு எதுவும் மிச்சமில்லாமல் போனதுதான் காரணம், வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். "முதலாளி, எந்திரிங்க, சேர் எங்களோடது" என்றேன். ஒரே ஒரு 'ங்க'. அதுவும் பழக்கத்தில் வந்தது.

"வயரக் கழட்டுங்கண்ணே" என்றாள் பாண்டீஸ்வரி. "அவரு டிவி அவருக்கு. அவரு செவுரு அவருக்கு. ஓட்டுறவங்க எங்கூட வருவாங்க."

முதலாளி, "எடி, வேற எடம் நோக்கித் தராம்" என்றார். பார்த்துத் தருவாராம்.

"வேணாம் முதலாளி. ஒங்களுக்கு எப்ப வேணும்னாலும் வந்து ஓட்டலாம். மணிக்கணக்குக் காசு உண்டு."

ராசு ஒரு மிஷினைத் தூக்கினார், இன்னொருவர் ஸ்டீயரிங்கைத் தூக்கினார். "அக்கா, எங்க எறக்கணும்?" என்று கேட்டார் ராசு. எங்கே என்று அவளுக்கும் அப்போது தெரியாது. "மொதல்ல ஏத்துங்க" என்றாள்.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். கார்டைத் தேர்ந்தெடுக்கும்போது யார் கண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். சுவர் கொடுக்கிறவர் கண்ணையா, ஸ்டீயரிங் பிடிக்கிறவர் கையையா? சுவர்க்காரருக்குப் பயந்து நான் பெரிய கார்டையே திரும்ப மாட்டியிருந்தால், அறையும் போயிருக்கும், டிரைவர்களும் போயிருப்பார்கள். மிரட்டுகிறவரிடம் 'முடியாது' என்று சொல்லப் பழகுங்கள். என்னைப் போல உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டு சொன்னாலும் பரவாயில்லை, சொன்னால் போதும்.

கடைசியில் நடந்தது இவ்வளவுதான். ரோட்டைப் பார்த்த அறையில் ஸ்பைஸ் கடை வந்தது. நான் எந்தக் கார்டு மாட்டியிருந்தாலும் அது வந்திருக்கும். பாண்டீஸ்வரி ஜீப் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், பஞ்சர் கடையின் பின்னறையை வாடகைக்கு எடுத்தாள். அங்கே 4K திரை வைக்க இடம் இல்லை, தேவையும் இல்லை. நடுத்தரத் தெளிவுள்ள மேசைத் திரை ஒன்றை வைத்தோம், கார்டு சிரமமில்லாமல் ஓடியது. திறந்த அன்று காலையில் பெண்களைத் தோட்டத்தில் இறக்கிவிட்டு ராசு நேராக அங்கே வந்து உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் மற்ற டிரைவர்கள் வரிசையில் நின்றார்கள்.